கட்டுக்குள் அடங்காத வேலை

கீரையை நறுக்கச் சில நிமிடங்கள் போதும். அதற்கு முன் ஆய்ந்து அலசி எடுப்பதுதான் பெரும்பாடு. அந்தப் பாட்டை மெல்ல மெல்லக் கடைக்காரரிடம் ஒப்படைத்து வருகிறது நகரத்துச் சமையலறை. கூடவே வேறு சிலவும் கைமாறுகின்றன.

டிசம்பர் மாதத்து தில்லி. மாலை ஆறு மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. மெட்ரோ நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் குன்று போலக் குவிந்திருக்கிறது ‘சர்சோன்’ – கடுகுக் கீரை. பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவரின் முன்னால் மரக்கட்டையில் பதித்த பெரிய இரும்பு அரிவாள். ஒரு பிடி கடுகுக் கீரை, அதற்குள் கொஞ்சம் பாலக், கொஞ்சம் ‘பத்துவா’ (நம் ஊர்ச் சக்கரவர்த்திக் கீரை) என்று சேர்த்து இறுக்கி, இரண்டு கைகளாலும் அரிவாளின் மேல் தள்ளுகிறார். சரக் சரக்கென்று நூல் நூலாக விழுகிறது கீரை. அலுவலகம் முடிந்து திரும்பும் பெண்கள் கைப்பையும் ஸ்வெட்டருமாகக் காத்து நிற்கிறார்கள். ஒரு கிலோ கீரையை அரிந்து பாலிதீன் பையில் போட அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் அதே வேலைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? வீட்டுக்குப் போய்ப் பையைத் திறக்கும்வரை எதுவும் இல்லை. திறந்த பிறகு ஒரு சங்கடம். அந்தக் கீரையைக் கழுவாமல் அடுப்பில் ஏற்ற முடியாது. வண்டிக்காரர் கட்டை அவிழ்த்தாரே தவிர ஓர் இலையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. மண், புல், பழுத்த இலை, புழு என்று எல்லாம் சேர்ந்தே அரிபட்டிருக்கின்றன. கழுவினாலோ தண்ணீர் பச்சையாகிறது. இன்னொரு முறை கழுவினால் இன்னும் கொஞ்சம் பச்சை. மண்ணோடு சேர்ந்து கீரையின் சாரமும் சிங்க் வழியே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை.

‘காய்கறியைக் கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள்’ என்பது பாட்டிகள் மட்டும் சொன்ன விஷயமல்ல. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்காக வெளியிடும் உணவு வழிகாட்டு நெறிகளிலும் இது உண்டு. நறுக்கிய காய்களை நீரில் ஊறப்போட வேண்டாம், வேகவைத்த நீரைக் கொட்ட வேண்டாம், சமையல் சோடா சேர்க்க வேண்டாம் என்ற அறிவுரைகளும் கூடவே வருகின்றன. (இந்த நிறுவனத்தின் பூர்விகம் தமிழ்நாடு. 1918இல் குன்னூரில், ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கிய சிறு கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது.)

காரணம் எளிமையானது. கத்தி படும் இடத்திலெல்லாம் இலையின் செல்கள் உடைகின்றன. வைட்டமின் சியும், ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினும் நீரில் கரைபவை. உடைந்த செல்களிலிருந்து நீருக்குள் இறங்கிவிடுகின்றன. தவிர, வைட்டமின் சியை அழிக்கும் என்ஸைம் ஒன்று இலையிலேயே இருக்கிறது. முழு இலையில் இரண்டும் தனித்தனி அறைகளில் வாசம். நறுக்கியதும் சுவர் இடிந்து, இரண்டும் சந்தித்து, காற்றும் சேர்ந்துகொள்ள, அழிவு தொடங்குகிறது. அடுப்பின் சூட்டில் அந்த என்ஸைம் செயலிழக்கும்வரை இது நீடிக்கும். ஆக, எவ்வளவு பொடியாக நறுக்குகிறோம் என்பதும், நறுக்கியதற்கும் அடுப்பில் ஏற்றுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்பதும் முக்கியம். காலையில் நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்து இரவில் சமைக்கும் வழக்கம் சௌகரியமானதுதான், லாபகரமானதல்ல.

எல்லாமே போய்விடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீட்டா கரோட்டின் நீரில் கரையாது. அது உடலில் சேரக் கொஞ்சம் எண்ணெயோ நெய்யோதான் வேண்டும். இரும்புச் சத்தும் வைட்டமின் சியைப் போல அவ்வளவு சுலபமாக ஓடிவிடாது. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேர்கிறது. அந்தப் பங்கைக் கூட்டுவது வைட்டமின் சி. துணையைச் சிங்கில் கொட்டிவிட்டு இரும்பை மட்டும் தட்டில் வைத்துக்கொள்வதில் அதிகப் பலனில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரை ஒன்றே இதைத் தீர்த்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கீரையை ஆய்ந்து, அரிந்து, வதக்கி, குடும்பத்துக்குப் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுபவர்களும் இதே பெண்கள்தான்.

ஆய்வும் தேர்தலும்

நறுக்குவதைவிட அதற்கு முந்தைய வேலைதான் பெரிது என்பது நம் மொழிகளுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழில் கீரையை ‘ஆய்கிறோம்’. பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வுக்கும் முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு நடக்கும் ஆய்வுக்கும் வேர் ஒன்றே. மராத்தியில் ‘நிவட்ணே’ – தேர்ந்தெடுப்பது. அதே வேரிலிருந்து பிறந்த ‘நிவட்ணூக்’தான் தேர்தல். இந்தியில் ‘சுன்னா’வும் ‘சுனாவ்’வும் அப்படியே. மக்களவைக்கு யார் போவது, வாணலிக்கு எந்த இலை போவது – இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். (அழுகல் எவ்வளவு தூரம் வடிகட்டப்படுகிறது என்று பார்த்தால் வாணலிக்கே கூடுதல் மதிப்பெண்.) கன்னடத்தில் ‘ஸொப்பு பிடிஸு’. கணக்குக்கு விடை காண்பதையும் அவர்கள் ‘பிடிஸு’ என்றுதான் சொல்கிறார்கள். வங்காளத்தில் ‘பாச்சா’, அதுவும் தெரிவு செய்வதே. போஜ்புரிப் பகுதியில் கொண்டைக்கடலைச் செடியின் கொழுந்தை நகத்தால் கிள்ளுவதற்கு ‘கோன்ட்னா’ என்று தனிச் சொல்லே உண்டு. கிள்ளக் கிள்ளச் செடி பக்கக் கிளை விட்டுப் படரும்; கீரையும் கிடைக்கும், பிறகு கடலையும் கிடைக்கும்.

இத்தனை சொற்களுக்குள்ளும் இருப்பது கைக்கு மட்டும் தெரிந்த ஓர் அறிவு. முருங்கைக் கீரையை உருவி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். இரவில் கொத்தாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டால் காலையில் உதறியதும் இலைகள் தாமாகக் கொட்டும். அஸ்ஸாமின் ‘டேகியா’ காட்டுப் பெரணியின் சுருண்ட குருத்து. எதுவரை இளசு என்பதைக் கத்தி சொல்லாது. கையால் ஒடித்துப் பார்க்க வேண்டும். டக்கென்று ஒடியும் இடம்வரை சமையலுக்கு, வளையும் இடத்திலிருந்து குப்பைக்கு. பஞ்சாபில் கடுகின் இளந்தண்டான ‘கந்தல்’லைத் தூக்கி எறிந்தால் மாமியார் மன்னிக்க மாட்டார். நாரை உரித்து இலையோடு சேர்ப்பார்கள், சாகின் இனிப்பே அதில்தான். ஆந்திரத்தில் கோங்குராவைப் பச்சடிக்கு எடுத்தால் இலையைக் கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தியாக வேண்டும். ஒரு சொட்டு நீர் தங்கினாலும் ஜாடி கெட்டுவிடும். சேம்பு இலை நாடெங்கும் அரிக்கும். அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள்தான் காரணம். அதனால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, நரம்பைச் சீவிவிட்டு, புளியோ எலுமிச்சையோ சேர்த்துச் சமைக்கிறார்கள். குஜராத்தின் ‘பாத்ரா’, மகாராஷ்டிரத்தின் ‘அளு வடி’ இரண்டிலும் அந்த இலையை நறுக்குவதே இல்லை. முழு இலையில் கடலைமாவைப் பூசிச் சுருட்டி ஆவியில் வேகவைத்து, பிறகுதான் வில்லை போடுகிறார்கள்.

நறுக்காமல் விடுவதும் ஒரு கலை என்பதற்குக் காஷ்மீரைப் பார்க்க வேண்டும். அங்கே அன்றாட உணவான ‘ஹாக்’ கீரையை ஆய்ந்து, தண்டிலிருந்து பிரித்து, முழு இலையாகவே போடுகிறார்கள். கடுகெண்ணெய், பெருங்காயம், பச்சைமிளகாய், நீர் – அவ்வளவுதான். பாத்திரத்தை மூடுவதில்லை. மூடினால் இலையிலிருந்து எழும் அமில ஆவி உள்ளேயே தங்கிப் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். மூடிச் சமையுங்கள் என்கிறது ஹைதராபாத். ஸ்ரீநகர் கேட்பதாயில்லை. இலையை முழுதாக விட்டு, வெந்த நீரையும் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுவிடுகிற அந்த ஊருக்குக் கொஞ்சம் சலுகை தரலாம் என்று தோன்றுகிறது.

வெந்த நீரை வீணாக்காத இன்னொரு சாமர்த்தியம் கர்நாடகத்தின் ‘பஸ்ஸாரு’. பருப்பையும் கீரையையும் சேர்த்து வேகவைத்து, நீரை வடித்து அதைச் சாறாக்குவது. வடிந்த கீரையும் பருப்பும் தாளிதம் பெற்றுப் பொரியலாகும். ஒரே பானையில் குழம்பும் தொட்டுக்கொள்ளவும். சாக்கடைக்கு ஒன்றும் இல்லை.

உட்கார்ந்து அரிந்த காலம்

நறுக்கும் கருவியும் மாறிவிட்டது. ஒருகாலத்தில் இந்தியாவின் பெரும்பகுதியில் கத்தி நகரவில்லை, காய்தான் நகர்ந்தது. தமிழில் அரிவாள்மனை, தெலுங்கில் கத்திப்பீட்ட, கன்னடத்தில் ஈளிகெ மணெ, மராத்தியில் விளீ, ஒடியாவில் பனிகி, வங்காளத்தில் பொண்ட்டி. பலகையிலிருந்து எழுந்து நிற்கும் வளைந்த அலகு. ஒரு காலால் பலகையை அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் கீரைக் கட்டைப் பிடித்து அலகுக்கு ஊட்ட வேண்டும். இரண்டு கையும் ஓய்வாக இருப்பதால் பெரிய பிடியையும் மயிரிழையாக அரியலாம். வங்காளத்து வீடுகளில் மீனுக்குத் தனிப் பொண்ட்டி, காய்கறிக்குத் தனிப் பொண்ட்டி. இரண்டும் தவறிக்கூட ஒன்றாகிவிடக் கூடாது. உணவு எழுத்தாளர் சித்ரிதா பானர்ஜி 2001இல் ‘காஸ்ட்ரோனாமிகா’ என்ற அமெரிக்க இதழில் பொண்ட்டியைப் பற்றியே ஒரு முழுக் கட்டுரை எழுதினார். அப்படி எழுத வைக்கும் அளவுக்கு அது வங்காளப் பெண்ணின் அடையாளமாக இருந்தது.

சமையல் மேடை உயர்ந்தபோது அரிவாள்மனை இறங்கிப் போனது. கேஸ் அடுப்பு வந்து, நின்றபடி சமைக்கத் தொடங்கிய பிறகு, காய் நறுக்க மட்டும் தரையில் உட்கார யாருக்கு நேரம்? மூட்டு வலியும் அதற்கு எதிராக வாக்களித்தது. பலகையும் கத்தியும் வந்தன. கத்தியில் பெரிய பிடி அடங்காது. இலை சிதறும், ஈரமாக இருந்தால் வழுக்கி நசுங்கும். அதனால் பலர் அரியாமல் கொத்துகிறார்கள். மிக்ஸியின் சாப்பரில் போட்டு ஒரே சுற்றில் முடிப்பவர்களும் உண்டு. மழுங்கிய கத்தியால் நசுக்கப்பட்ட கீரை பலகையிலேயே தன் சாற்றை விட்டுவிட்டு வாணலிக்கு வருகிறது.

எவ்வளவு பொடியாக நறுக்க வேண்டும் என்பதற்கு நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாது. எப்படியும் கடையப்போகும் முளைக்கீரையைப் பொடியாக அரிவது வீண் உழைப்பு. நாலு துண்டாக்கினால் போதும், மத்து மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பஞ்சாபிலும் கோட்னா என்ற மரக்கடைசல் மத்து இருக்கிறது. ஆனால் அங்கே தண்டும் சேர்வதால் முதலிலேயே பொடியாக அரிந்து, மணிக்கணக்கில் வேகவைத்துக் கடைந்து, சேர்ந்து வருவதற்கு மக்காச்சோள மாவையும் தூவுகிறார்கள். பொரியலுக்குப் பொடியாக இருந்தால்தான் தேங்காயோடு சேரும். பாலக்குக்கு அகலத் துண்டுகள் போதும். சூடு பட்டதும் அது தானே சுருண்டுவிடும். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான்.

கழுவுவதில்தான் பெரும்பாலோர் தப்பு செய்கிறார்கள். குழாயடியில் கட்டோடு பிடித்தால் வெளி இலைதான் நனையும். வேரை அறுத்து, கட்டைப் பிரித்து, ஆய்ந்த பிறகு, அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீரில் அமிழ்த்தி அலச வேண்டும். பிறகு தண்ணீரைக் கவிழ்க்கக் கூடாது. கீரையை மேலே அள்ளி எடுக்க வேண்டும். அப்போதுதான் மண் அடியில் தங்கும். கவிழ்த்தால் மண் மறுபடி இலைமேலேயே உட்கார்ந்துவிடும். அடியில் மணல் நெருடாத வரை இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் நாலைந்து முறைகூட ஆகும். பிறகு நீர் வடிய வைத்து, அடுப்பைப் பற்றவைக்கும்போது நறுக்கினால் போதும்.

ரயிலில் ஒரு சமையலறை

இவ்வளவுக்கும் நேரம்? மும்பை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. புறநகர் ரயிலின் பெண்கள் பெட்டியில் மாலை நேரம் ஏறிப் பார்க்க வேண்டும். உட்கார இடம் கிடைத்தவுடன் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை விரிகிறது. வெந்தயக் கீரைக் கட்டு வெளியே வருகிறது. பேச்சு மேலதிகாரியைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ ஓடிக்கொண்டிருக்க, விரல்கள் இலையைக் கிள்ளிக்கொண்டே இருக்கின்றன. பட்டாணி உரிபடுகிறது, பீன்ஸ் நார் நீங்குகிறது. பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே நாலு காம்பை வாங்கி உதவுகிறார். இறங்கும் நிலையம் வருவதற்குள் கீரை தயார். மராத்தியில் சொன்னால், ஓடும் ரயிலில் தினமும் ஒரு தேர்தல். ஆண்கள் பெட்டியில் அதே நேரத்தில் சீட்டாட்டமும் பஜனையும் நடக்கும். வெந்தயக் கீரையை யாரும் பார்த்ததில்லை.

2019இல் நாடு தழுவிய முதல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது தேசியப் புள்ளியியல் அலுவலகம். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி கணக்கெடுத்தபோது பெண்ணின் நேரம் 289 ஆகக் குறைந்திருந்தது. ஆணுடையதும் 88 ஆகக் குறைந்திருந்தது! அரிந்த கீரையை வாங்கும் பெண்ணிடம் வைட்டமின் கணக்கைச் சொல்லிக் குற்ற உணர்வை ஊட்டுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். மெட்ரோ வாசலில் நிற்கும் அந்தப் பெண் சோம்பேறி அல்ல. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் வேறு யாரும் தரத் தயாராக இல்லை, அவ்வளவுதான். கீரை ஆய்வதற்குப் பலமோ பயிற்சியோ தேவையில்லை. தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை வீட்டில் இது ஒன்றுதான். பத்து ஓவருக்குள் இரண்டு கட்டு முடிந்துவிடும் என்பது என் சொந்த அனுபவம்.

ஆள் கிடைக்காத வீடுகளில் கீரையே மெனுவிலிருந்து விழுந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தினமும் குறைந்தது 300 கிராம் காய்கறி சாப்பிட வேண்டும், அதில் 50 கிராம் கீரையாக இருக்க வேண்டும், கர்ப்பிணிகள் என்றால் 100 கிராம் என்றன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு நெறிகள். கீரையே சேர்க்காததைவிட அரிந்து விற்கும் கீரையை வாங்குவது மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆய்ந்து, முழு இலையாகப் பெட்டியில் அடைத்து விற்பதும் பெருநகரங்களில் வந்துவிட்டது. அது இன்னும் மேல். கையைச் சுடும் விலைதான் தடை.

ஆனால் எவ்வளவு ஆய்ந்தாலும் எவ்வளவு கழுவினாலும் போகாத ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் மூசி ஆற்றங்கரைக் கீரைக்குப் பாய்வது நகரத்தின் கழிவுநீர். கொல்கத்தாவின் தாபாவில் நகரக் குப்பையே பல தலைமுறைகளாக உரம். தில்லியில் யமுனை சுத்தமாகும்வரை அதன் வெள்ளச் சமவெளியில் உணவுப் பயிர் கூடாது என்று 2015 ஜனவரியில் உத்தரவிட்டது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கே பயிர் நடந்தது. அந்த மக்களுக்கு வேறு பிழைப்பு இல்லை, நகரத்துக்கும் மலிவான கீரை வேண்டியிருந்தது. இலை மேலுள்ள கிருமியையும் பூச்சிமருந்தில் ஒரு பகுதியையும் தண்ணீர் அகற்றும். வேர் வழியாக ஏறிய ஈயத்தையும் காட்மியத்தையும் உப்பும் மஞ்சளும் கலந்த எந்தத் தண்ணீரும் தொடாது. அதை ஆய்ந்து களைய வேண்டியவர்கள் வீட்டில் இல்லை, அலுவலகங்களில் இருக்கிறார்கள்.

ஆய்வதை நிறுத்தினால் இழப்பது வைட்டமினும் மண்ணற்ற தட்டும் மட்டுமல்ல. இலையைப் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கமும் அதோடு போகிறது. கேரளத்தில் கர்க்கடக மாதத்தில் ‘பத்திலை’ உண்டு: தகரை, சேனை, சேம்பு, பூசணி, தூவா என்று தொடியிலிருந்து பறித்த பத்து இலைகள். அவற்றில் தூவா தொட்டாலே காந்தும். எதைப் பறிக்கிறோம் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற மாதங்களில் வேண்டப்பட்ட முருங்கை அந்த மாதம் மட்டும் விலக்கு. அஸ்ஸாமில் போகாக் பிஹுவின்போது 101 வகைக் கீரை சேர்ப்பது மரபு. முழுதாகச் சேர்க்க முடிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். தமிழ்நாட்டிலும் துவாதசிக்கு அகத்தியைத் தேடிப் போகும் வீடுகள் உண்டு. வட இந்தியக் கோதுமை வயலில் களையாக முளைத்து ஏழைகளின் கீரையாக இருந்தது பத்துவா. களைக்கொல்லி குறிவைக்கும் செடிகளில் இப்போது அதுவும் ஒன்று. வயலில் தெரியாத செடியைச் சந்தையிலும் அரிந்தே பார்க்கும் குழந்தைக்கு அதன் இலை வாத்தின் கால் போல இருக்கும், அடியில் மாவு தூவியது போல வெளுத்திருக்கும் என்று எப்படித் தெரியும்?

நம் தீபாவளியின் நரக சதுர்த்தசி வங்காளிகளுக்குப் பூத சதுர்த்தசி. காளி பூஜைக்கு முந்தைய அந்த நாளில் பதினான்கு விளக்கு ஏற்றி, ‘சோத்தோ ஷாக்’ – பதினான்கு கீரை – சாப்பிடுவார்கள். சேனை இலை, பத்துவா, கடுகு, வேம்பு, சீந்தில், ஜயந்தி, ஆரை, ஹிஞ்சே, பால்தா என்று போகும் அந்தப் பட்டியலில் பாதி குளத்தோரத்திலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பறிப்பதுதான் விரதத்தின் பாதி. இப்போது நகரத்துச் சந்தைகளில் பதினான்கையும் ஒன்றாக அரிந்து, கலந்து, சிறு பொட்டலமாக விற்கிறார்கள்.

கிழக்கு வங்காளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காக உருவான தில்லி சித்தரஞ்சன் பார்க்கில், ஓர் ஐப்பசிக் காலையில் அப்படி ஒரு பொட்டலத்தை நானும் வாங்கினேன். பையில் பச்சைத் துகள்கள். பச்சையிலேயே மூன்று நிறம் தெரிந்தது. இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். கடைக்காரர் உற்சாகமாக விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பாலக், முள்ளங்கி இலை, லால் ஷாக், வெந்தயம்... ஒன்பதாவது விரலில் நின்றார். எனக்குப் பின்னால் நின்றிருந்த முதியவள் சிரித்துவிட்டு, வேட்டைக்காரர் போலக் கண்ணைச் சுருக்கிப் பைக்குள் பார்த்தார். ஒரு துகளை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்தார். ஜயந்தி இல்லை, ஹிஞ்சே இல்லை, முன்பெல்லாம் இலையாக விற்பார்கள், எண்ணி வாங்குவோம் என்றார் வங்காளம் கலந்த இந்தியில். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பதினான்கும் உள்ளே இருக்கிறது, அரிந்துவிட்டதால் தெரியவில்லை என்றார். அவரும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் போனார்.